பசை பட்ட இடம்

அவள் சாயம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் புருஷன்காரன் குடியைக் கெடுத்திருந்தான். பார்த்துப் பார்த்துத் தேய்த்து, சாயம் பூசுவதற்காக அவள் தட்டில் பரப்பி வைத்திருந்த மரத்துண்டுகளில் ஒன்றைக்கூடக் காணோம். கட்டைவிரல் உயரத்தில் ஒரு கட்டில், ஒரு பீரோ, நாற்காலிகள் எல்லாம் எழுந்து நின்றன. பொம்மை வீட்டுச் சாமான் முழுவதையும் ஒட்டி முடித்துவிட்டு, மகாராசன் விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்" என்றான்.

பசை பட்ட மரம் சாயத்தைக் குடிக்காது. முதலில் சாயம், அது காய்ந்த பிறகுதான் பசை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். கேட்கிற பழக்கம்தான் அவனுக்குக் கிடையாதே. சமையலறைக்குக் கண்ணைக் குத்தும் பச்சை அடித்ததும் கேட்காமல்தான், அவளுடைய தையல் மெஷினை விற்றதும் கேட்காமல்தான். அவள் இஷ்டப்படி நடந்த ஒரே வீடு மேஜை மேல் இருந்த அந்தப் பொம்மை வீடு. நாளைக் காலை அது பொம்மைக்கடையின் கண்ணாடி ஜன்னலில் ஏற வேண்டும். அவள் கைவேலையை நாலு பேர் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை.

துணியில் சாயத்தைத் தொட்டுக் கட்டிலில் தேய்த்தாள். மற்ற இடமெல்லாம் தேக்கு நிறம் ஏற, மூட்டுக்கு மூட்டு வெள்ளைத் திட்டு பல்லிளித்தது. பிரித்தாவது பார்ப்போம் என்று கட்டில் காலைப் பிடித்துத் திருகினாள். மூட்டு அசையவில்லை, கால்தான் முறிந்தது.

"பாத்தியா, எவ்வளவு கெட்டியா ஒட்டியிருக்கேன்" என்றான் அவன்.

நல்ல வேளை, அப்போது அவன் போன் அடித்தது. பொம்மைக்கடைக்காரம்மாதான். அந்தம்மாவிடம்கூடத் தன் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தான்.

"எல்லாம் ரெடிங்க, காலைல வந்து எடுத்துக்கலாம்" என்றான்.

அவள் போனைப் பிடுங்கினாள். "ரெடி இல்லம்மா. சாமானெல்லாம் வீணாப்போச்சு. முதல்லேருந்து செய்யணும்."

"அப்ப இந்தத் தடவை ஜன்னலை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுறேன்மா. அடுத்த மாசம் கூப்பிடுறேன்."

அவள் போனை அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"வேற நம்பர் தரேன், எழுதிக்கோங்க. இனிமே அதுல கூப்பிடுங்க."

"அப்ப இது யாரோட நம்பர்மா?"

"இது ஒட்டினவரோடது. அது செய்யறவளோடது."