சேலை கட்டிய மீன்

டப்பாவைத் திறந்த நெல்லையம்மாள் படக்கென்று மூடிவிட்டாள். உள்ளே ஒரு மீன் இருந்தது.

முழங்கை நீளம். வெள்ளை வெளேரென்று, செதில் செதிலாக, வாயை லேசாகத் திறந்தபடி. வெறும் மீனாக இருந்திருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அது சிவப்புப் பட்டுத் துண்டில் கொசுவம் வைத்துச் சேலை கட்டியிருந்தது. மூக்கில் வளையம். கண்ணுக்கு மேலே, நெற்றி என்று சொல்லத்தக்க இடத்தில், குங்குமப் பொட்டு. மீன்காரி தெருமுனையிலேயே குரலை அடக்கிக்கொண்டு திரும்பிப் போகிற தெரு அது. அந்தத் தெருவில், தீபாவளிக்கு முந்தின நாள், முறுக்குச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மீன் கல்யாணப் பெண்ணாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

கொண்டு வந்தவன் மாப்பிள்ளை. தபன் தத்தா. கல்கத்தாக்காரன். சென்னையில் டெலிபோன் ஆபீசில் நெல்லையம்மாளின் மகள் சங்கரேஸ்வரிக்கு இரண்டு மேசை தள்ளி வேலை பார்த்தவன். ஆனி மாசம் இரண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் வீட்டுக்குத் தகவல் சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பா காந்திமதிநாதன் மகள் பேரை உச்சரிக்கவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போனார், கோமதியம்மன் சன்னதிக்குப் போனார், சாப்பிட்டார், படுத்தார். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தபந்தம் எல்லாம் "சங்கரி வரலையா? மாப்ளை எந்த ஊரு?" என்று கேட்டுக் கேட்டு அவரைத் துளைத்தது. புரட்டாசியில் ஒருநாள் சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தலைத் தீபாவளிக்கு வரச் சொல்லு. ஊர் வாயை மூடணும்லா. ஆனா எண்ணெய் வைக்கதுக்கு என்னைக் கூப்புடாத."

அந்தக் கடைசி வார்த்தைதான் நெல்லையம்மாளை அரித்தது. தலைத் தீபாவளியன்று மாப்பிள்ளையின் உச்சியில் முதலில் மாமனார் கைதான் எண்ணெய் வைக்க வேண்டும். மற்றவர்கள் அதற்கப்புறம். மாமனார் கை பட்டால் அவன் வீட்டு ஆள். படாவிட்டால், எத்தனை பலகாரம் போட்டாலும், வந்து போகிற விருந்தாளி. நாளை விடியும்போது அது தெரிந்துவிடும். சங்கரி நாலு நாள் முந்தியே வந்துவிட்டாள். ஆனால் அப்பா வருகிற நேரமெல்லாம் ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறாள்.

"என்னட்டி அது? மாப்ளை கொண்டாந்த பலகாரமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் கோமதித்தாய். காந்திமதிநாதனின் அக்காள். திருநெல்வேலியிலிருந்து, வேடிக்கை பார்க்கவென்றே, முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

"ஒண்ணுமில்ல மதினி..."

ஒன்றுமில்லை என்றால் கோமதித்தாய் விடுவாளா? மூடியைத் திறந்தாள்.

"முருகா! ஏ சங்கரி, இங்கன வா. உம் புருசன் என்னத்தக் கொண்டாந்திருக்கான் பாரு!"

சங்கரி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பயந்துபோன முகம் மெல்ல மெல்லச் சிரிப்பாக மாறியது. ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கோமதித்தாய் காதைப் பொத்திக்கொண்டாள், ஏதோ எலும்பு உடையும் சத்தம் கேட்கும் என்பதுபோல.

"இனிப்பு அத்தை. பால்ல செஞ்சது. அவங்க ஊர்ல கல்யாணத்துக்கு மாப்ளை வீட்டுல இருந்து பொண்ணு வீட்டுக்கு மீனைப் பொண்ணு மாதிரி சிங்காரிச்சு அனுப்புவாங்க. அதுதான் பெரிய சீர். எங்களுக்குத்தான் கல்யாணமே அப்படி ஆயிட்டுதே. அவங்க அம்மா இப்ப மெட்ராஸ் வந்திருக்காங்க. நம்ம வீடு சைவம்னு கேட்டுட்டு, பால்லயே மீன் செஞ்சு குடுத்துவிட்டிருக்காங்க போல. எனக்கே தெரியாது."

"பால்லன்னா? பால்கோவாவா?"

"இல்ல... பாலைத் திரிய விட்டு..."

சொன்ன பிறகுதான் சங்கரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"திரிஞ்ச பாலா?" கோமதித்தாய் நெஞ்சில் கை வைத்தாள். "நாளும் கிழமையுமா பால் திரிஞ்சா, நாம என்ன கேடோன்னு கலங்கிப் போவோம். இவுக வேணும்னே திரிய வைப்பாகளாம், அதுல மீன் பிடிப்பாகளாம், அதுக்குச் சேலை கட்டி விடுவாகளாம்! மீனுக்குப் பட்டு. நம்ம வீட்டுப் பிள்ளை ரிஜிஸ்தர் ஆபீசுல நூல் சேலையோட நின்னா."

அந்தச் சொல் சங்கரியின் சிரிப்பைத் துடைத்துவிட்டது.

அடுக்களை வாசலில் தபன் நின்றிருந்தான். நல்ல உயரம். நிலைப்படிக்குத் தலையைக் குனிந்தே பழக வேண்டியிருந்தது. சென்னைத் தமிழ்தான் தெரியும். கோமதித்தாய் பேசியதில் பாதி அவனுக்கு எட்டியிருக்காது. ஆனால் முகங்களைப் படிக்க பாஷை எதற்கு?

"தப்பா ஆயிடுச்சா?" என்றான் நெல்லையம்மாளிடம். "வேணாம்னா வெளில யாருக்காச்சும் குடுத்துடறேன்மா. அம்மாகிட்ட, எல்லாரும் சாப்பிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

நெல்லையம்மாளுக்கு ஏனோ அந்தக் கல்கத்தாக்காரியின் கை கண்ணில் வந்தது. முன்பின் பார்த்திராத வீட்டுக்காகச் செதில் செதிலாக அழுத்திய விரல். இத்தனூண்டு மூக்கில் வளையம் மாட்டிய பொறுமை. மகன் சொல்லாமல் செய்துகொண்ட கல்யாணத்தின் சேலையை அவளும் பார்க்கவில்லை. எனக்கு இருக்கிற குறைதானே அவளுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காந்திமதிநாதன் கோயிலிலிருந்து வந்துவிட்டார். குடையை மடக்குவதற்குள் அக்காள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள், பால் திரிந்ததையும் பட்டுச் சேலையையும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து. அவர் அடுக்களைக்கு வந்து டப்பாவைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

"சம்பந்தி வீட்டுச் சீரா இது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஆமா."

"அந்த டப்பாவை எடுத்துக்கிட்டு வெளிய போகச் சொல்லு."

சங்கரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தபன் வந்து டப்பாவைத் தூக்கினான். 'வெளிய' என்ற சொல் எந்தத் தமிழிலும் ஒன்றுதான். அவன் கூடத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது:

"சீரை அடுக்களையில கொண்டு போட்டிருக்கிய. முட்டைக்கோசு வாங்கியாந்த மாதிரி! நாலு பேரு பாக்க வாசல்ல வச்சுல்லா வாங்கணும்? ஏட்டி, வெள்ளித் தட்டை எடு. வெத்தலை பாக்கு வை. தெருவுக்குப் போயி முறையா உள்ள வரச் சொல்லு."

நாள் முழுக்கத் தடதடக்கும் பக்கத்துத் தெரு நெசவுத் தறிகளைத் தீபாவளிக்காக நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் அவர் குரல் தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. சிணுங்கல் தூறலில் தபன் தட்டை ஏந்தி நின்றான். தட்டின் நடுவே மணப்பெண்.

"ஆரத்தி?" என்று மெதுவாகக் கேட்டாள் நெல்லையம்மாள். "மாப்ளைக்குக் காலையிலயே எடுத்தாச்சே."

"மீனுக்கா எடுக்கப் போறிய?" என்றாள் கோமதித்தாய்.

காந்திமதிநாதன் கொஞ்சம் யோசித்தார். "பொண்ணுன்னு அனுப்பியிருக்காவ. எடுக்கத்தான் செய்யணும்."

எடுத்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கொடுத்தவன் முகத்தை அப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாங்கி, பூஜை அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முறைக்கு முறை செய்தாயிற்று. மனுஷன் விஷயம் வேறு.

மீனில் கத்தி வைக்க யாருக்கும் கை வரவில்லை. சாயங்காலம் பார்த்தபோது வாலைக் காணோம்.

"அது வரும்போதே உடைஞ்சிருந்துது" என்றாள் கோமதித்தாய், உதட்டைத் துடைத்துக்கொண்டு. "கிடக்கட்டும், ஏலக்காய் மணம் நல்லாத்தான் இருக்கு."

விடியுமுன் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பின்கட்டில் கோலம் போட்டு மணையைப் போட்டாள் சங்கரி. மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணம் நெல்லையம்மாள் கையில். தபன் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். நெல்லையம்மாள் எண்ணெயில் விரலை வைக்கவில்லை. அவர் இதோ வருவார், இதோ வருவார் என்று நின்றாள். சங்கரி கிணற்றடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆறிப் போவுது. நீயே வையேன்" என்றாள் கோமதித்தாய். இன்று அவள் குரலிலும் குத்தல் இல்லை.

காந்திமதிநாதன் வந்தார். மணைப் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினார். "எனக்குக் கொஞ்சம் ஊத்து. அங்கன போயி தேச்சுக்கிடுதேன்." உள்ளங்கை நிறைய அவள் ஊற்றியதில் மணை விளிம்பிலும் கொஞ்சம் சிந்தியது.

பெரியவர் வந்ததும் தபன் மரியாதையாக எழுந்தான். எழுந்தவன் சட்டென்று குனிந்து, அவர் பாதத்தைத் தொட்டுவிட்டுக் கையைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோனான். அவன் ஊரில் அப்படித்தான். ஆனால் இந்த வீட்டில் கும்பிடுகிறவன் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். வெடுக்கென்று குனிந்தால் கீழே எதையோ போட்டுவிட்டான் என்று அர்த்தம்.

"என்ன விழுந்துட்டு?" என்றார் காந்திமதிநாதன். அவர் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. "மோதிரமா?"

அவரும் தேடக் குனிந்தார். எண்ணெய் சிந்திய மணையின் விளிம்பில் கால் வழுக்கியது. விழாமலிருக்க அவருக்கு எட்டியது எதிரே குனிந்திருந்த தலை ஒன்றுதான். உள்ளங்கை எண்ணெய் அப்படியே அவன் உச்சியில் இறங்கியது.

தபன் அசையவில்லை. இந்த ஊர் முறை இதுதான் போலிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்து கொடுத்தான். கோமதித்தாய் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். நெல்லையம்மாள் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். சங்கரி கிணற்றடியிலிருந்து திரும்பினாள்.

காந்திமதிநாதன் கால் ஊன்றிவிட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. அடுத்த தெருவில் யாரோ முதல் வெடியைப் போட்டார்கள். சுருட்டை முடிக்குள்ளிருந்து எண்ணெய் ஒரு கோடாக இறங்கி, நெற்றியில் தயங்கி, மூக்கின் நுனிக்கு வந்து சொட்டாகத் திரண்டு தொங்கியது. பல்பு வெளிச்சத்தில் அது மஞ்சளாக மின்னிக்கொண்டிருக்க, அதைத் துடைத்துவிடலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.