எண்பத்து நான்காம் ஆண்டுப் பெட்டி

ஒரு சாண் நீளப் பொம்மை ரயில் பெட்டிக்காக ஒரு மனிதர் புத்தூரிலிருந்து குருநகர் வரைக்கும் சைக்கிள் உழக்கி வருவார் என்று யாராவது சொல்லியிருந்தால், சிமியோன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். கனகசபாபதி வந்தார். ஒருமுறையல்ல, ஒவ்வொரு நத்தாருக்கும் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு பூதக்கண்ணாடி. யேசு பாலன் பிறப்பைக் காட்டச் சிமியோன் வீட்டில் கட்டிய பாலன் கூட்டுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடுவார். சைவக்காரர் ஒருவர் இவ்வளவு தூரம் பாலனைக் கும்பிட வந்திருக்கிறாரே என்று அயலார் உருகிப்போவார்கள். அவர் பாலனைத் திரும்பியும் பார்த்ததில்லை. மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்ற பச்சைப் பெட்டியைத்தான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெட்டி வந்த கதை சின்னது. சிமியோனின் மனைவி லூர்த்தம்மாவுக்குக் கிறகோரி என்று ஒரு தம்பி. அவன் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த வருஷம், அதாவது எண்பத்து நான்கில், அக்காவின் மகள் றோசுக்கு நத்தார்ப் பரிசாக அனுப்பியது அது. கரும்பச்சை உடல், கூரையில் பனி, ஜன்னலில் தேவதூதர்கள், பக்கத்தில் பொன் எழுத்தில் வாழ்த்தும் வருஷமும். ஏழு வயதுக் குழந்தை அதைத் தானாகவே கொண்டுபோய்ப் பாலன் கூட்டில் வைத்தாள். அன்றிலிருந்து அது பாலனுடைய ரயில் ஆகிவிட்டது.

கனகசபாபதியின் கதைதான் நீளம். கொழும்புத் துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்தவர். கப்பல்காரன் ஒருவன் கொடுத்த முதல் பெட்டியோடு பைத்தியம் பிடித்தது. ஜெர்மனியில் ஒரு கொம்பனி ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு புதுப் பெட்டி செய்யும். அந்த நத்தார் முடிந்தால் அதை மறுபடி செய்யவே செய்யாது. அடியில் இலக்கம் அச்சடித்து, இத்தனைதான் என்று கணக்காக விடும். தவறவிட்டவன் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படி ஒரு வியாபாரத்தைக் கண்டுபிடித்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது சனம் பிள்ளையையும் நகையையும் தூக்கிக்கொண்டு ஓட, இவர் எஞ்சினையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு கப்பலேறி ஊர் வந்தார். பிறகு வந்த பெட்டிகளைக் கூட்டாளிமார் தபாலில் அனுப்பினார்கள். எண்பத்து நான்கு மட்டும் கிடைக்கவில்லை. கொழும்பில் இருந்த பல் டாக்குத்தர் ஒருவர், அவரும் இதே பைத்தியம், தன்னிடம் வரிசை முழுக்க இருக்கிறது என்று எழுதி எழுதி இவருடைய நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி குருநகரில் ஒரு பாலன் கூட்டில் நிற்கிறது என்று காதில் விழுந்த அன்றே சைக்கிளை எடுத்துவிட்டார்.

"என்ன வேணுமெண்டாலும் கேளும் சிமியோன். உந்தப் பெட்டியை மட்டும் எனக்குத் தாரும்."

"பாலனுக்கு வைச்சதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை ஐயா."

லூர்த்தம்மா பயத்தம் பணியாரமும் தேத்தண்ணியும் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவாள். வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்ப்பார். அவர் போனபின் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பெல்லாம் தொண்ணூற்று மூன்றோடு சரி. ஐப்பசியில் ஆமி அடித்துச் சந்தையடியில் விழுந்த ஷெல்லின் சிதறல் ஒன்று றோசின் இடது கண்ணில் ஏறியது. பதினாறு வயதுப் பெட்டை. போனது போகட்டும், ஒரு கண்ணாவது மிஞ்சியதே என்று தாயும் தகப்பனும் மனதைத் தேற்றிக்கொள்ளும்போது டாக்குத்தர் சிமியோனைத் தனியாகக் கூப்பிட்டார். பழுதான கண் நல்ல கண்ணையும் இழுக்கத் தொடங்கிவிட்டது என்றார். கொழும்பில் வைத்தியம் இருக்கிறது. சுணங்கினால் பிள்ளைக்கு இரண்டும் இல்லை.

கொழும்புக்குப் போக இயக்கத்திடம் பாஸ் வாங்க வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். குடாநாட்டில் வீடு வளவோடு இருக்கிற ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். போனவர்கள் திரும்பி வராவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சிமியோனிடம் இருந்தது ஒரு ஓலைக் கொட்டிலும், மீன் பிடிக்க இறங்கக் கூடாது என்று நேவி தடைபோட்ட கடலும். அண்ணன் யாகப்பு தன் மகனுக்கு ஏற்கெனவே பிணை நிற்கிறான். ஒரு குடும்பத்துக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். சிமியோன் வள்ளக்காரச் சம்மாட்டியிடம் போனான், கடைக்காரரிடம் போனான், கோயில் மூப்பரிடம் போனான். எல்லாரும் பிள்ளைக்காகக் கண்ணீர் விட்டார்கள். பிணை என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவருக்கு இருமல் வந்தது, இன்னொருவருக்கு அவசர வேலை வந்தது. கண்ணீர் மலிவாகக் கிடைக்கிற ஊரில் ஒரு கையெழுத்துக் கிடைக்கவில்லையே என்று சிமியோனுக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் புத்தூருக்குப் போனான்.

"ஏலாது," என்றார் கனகசபாபதி. "தங்கச்சியின்ரை பொடியனுக்குப் பிணை நிண்டனான். அவன் இப்ப கனடாவிலை. அவன் திரும்பி வராததுக்கு இயக்கம் என்னைப் பிடிச்சு, நான் ஒரு மாரி முழுக்க உள்ளுக்கை கிடந்தனான். இனி என்ரை அப்பன் எழும்பி வந்து கேட்டாலும் ஏலாது."

அதில் நியாயம் இருந்தது. சிமியோன் எழும்பி வாசல்வரை வந்துவிட்டான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பெட்டி இருக்கே?"

"இருக்கு ஐயா."

கிழவரின் முகத்தில் வெட்கம் தெரிந்தது. அதை விழுங்கிக்கொண்டு சொன்னார்: "கொண்டாரும். கையெழுத்து வைக்கிறன்."

லூர்த்தம்மா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. "பாலனிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன். நீங்கள் கொண்டுபோங்கோ," என்றாள்.

விடிந்ததும் சிமியோன் பெட்டியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். உப்புக் காற்றில் மங்கிப்போய்க் கிடந்தது. பொன் எழுத்தும் கறுத்து, ஊத்தையோடு ஊத்தையாய் இருந்தது. இந்தக் கோலத்திலா கொண்டுபோய்க் கொடுப்பது? கடற்கரையில் வள்ளம் கைமாறும்போது யாரும் அழுக்கோடு கொடுக்கமாட்டார்கள். தும்பால் உரஞ்சிக் கழுவி, சுறா எண்ணெய் பூசி, மினுங்க மினுங்கத்தான் அடுத்தவன் கையில் கொடுப்பார்கள். வாங்குகிறவனுக்குச் செய்கிற மரியாதை அது. சிமியோன் தேங்காய்த் தும்பை எடுத்து உரஞ்சத் தொடங்கினான். தும்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. தட்டிவிட்டு மேலும் உரஞ்சினான். அடிப்பக்கத்தையும் விடவில்லை. பிறகு சுறா எண்ணெயை விரலால் தொட்டுக் கூரையிலிருந்து சில்லு வரைக்கும் பூசினான். சொந்த வள்ளத்துக்குக்கூட அவன் அவ்வளவு பக்குவமாகப் பூசியதில்லை.

றோஸ் கிட்ட வந்து, மிஞ்சின கண்ணைப் பெட்டியோடு ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தாள்.

"புதுசு மாதிரி இருக்கு அப்பா," என்றாள்.

புத்தூரில் கனகசபாபதி குளித்து, வெள்ளை உடுத்து, பெண் பார்க்க வருகிறவர்களை எதிர்பார்ப்பவர்போலக் காத்திருந்தார். மேசையில் தண்டவாளம் போட்டு எஞ்சினும் பெட்டிகளும் வருஷ வரிசையில் நின்றன. எண்பத்து மூன்றுக்கும் எண்பத்து ஐந்துக்கும் நடுவில் ஒரு பெட்டிக்கு இடம் விட்டிருந்தார். பக்கத்திலேயே பிணைப் பத்திரமும் பேனையும் தயாராக இருந்தன. அதைக் கண்டதும் சிமியோனுக்கு உயிர் வந்தது.

சிமியோன் பெட்டியை வைத்துக் கொண்டுவந்த பிஸ்கட் பேணியைத் திறந்ததும் கிழவர் மூக்கைச் சுளித்தார்.

"உதென்ன மணம்?"

"சுறா எண்ணெய் ஐயா. நல்லா உரஞ்சிப் பூசினனான்."

அவர் பெட்டியை எடுத்து ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். கவிழ்த்து அடியைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எழுத்து எங்கை?"

சிமியோனுக்கு விளங்கவில்லை.

"எழுத்தும் இலக்கமும் எங்கையடா? நீ என்னடா செய்தனி?"

அவர் நாற்காலியில் சரிந்து, செத்த வீட்டில் அழுவதுபோல அழுதார். சிமியோனுக்குத் தும்பில் ஒட்டிய மஞ்சள் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஐயா, பெட்டி அதேதானே..."

"வெறும் தகரம்! கொண்டு போ."

"கையெழுத்து..."

"போ எண்டு சொன்னனான்!"

சிமியோன் அவர் காலில் விழுந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டார். மகளின் கண்ணைச் சொன்னான், மாதாவைச் சொன்னான், முருகனையும் சொன்னான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்ன செய்தோம் என்று சிமியோனுக்கே தெரியாது. மேசையில் நின்ற எஞ்சினைப் பறித்துக்கொண்டு முற்றத்தில் பாய்ந்து, கிணற்றுக்கு மேலே பிடித்தபடி நின்றான்.

"கையெழுத்து வையுங்கோ! இல்லாட்டி இதைக் கிணத்துக்கை விட்டிடுவன்!"

கிழவர் தள்ளாடிக்கொண்டு வந்தார். முகம் வெளிறியிருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"விடு. விட்டால் எனக்கு எஞ்சின் இல்லை. உனக்குக் கையெழுத்தும் இல்லை. பிறகு என்ன செய்யப்போறாய்?"

சிமியோன் எஞ்சினைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, நிலத்தில் குந்தித் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். மகளின் கண்ணைத் தன் கையாலேயே உரஞ்சி அழித்துவிட்டேனே என்று வாய்விட்டுக் கதறினான். கிழவர் எஞ்சினை எடுத்துச் சால்வையால் துடைத்தார். உள்ளே போகத் திரும்பினார்.

"ஐயா, நான் இஞ்சையே இருக்கிறன்," என்றான் சிமியோன். "உங்கடை வீட்டிலை, உங்கடை கண்ணுக்கு முன்னாலை. தாயும் பிள்ளையும் போகட்டும். அவையள் வராட்டி என்னைக் கொண்டுபோய்க் குடுங்கோ. உங்களுக்குப் பதிலா நான் உள்ளுக்கை கிடக்கிறன்."

கிழவர் நின்றார்.

"வருவினமோ?"

"ஓம் ஐயா."

"என்ரை மருமோனும் ஓமெண்டுதான் சொன்னவன்."

"மாதாவாணை வருவினம்."

கனகசபாபதி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலனுக்கு வைத்த ஒரு பொம்மையை என்ன கேட்டாலும் தருகிறேன் என்றபோதுகூடக் கொடுக்காத ஆட்கள். அவர்கள் மாதாவின் பெயரைச் சும்மா இழுக்கமாட்டார்கள் என்று அந்த மனிதருக்குப் பட்டிருக்க வேண்டும். உள்ளே போனார். கையெழுத்து வைத்த பத்திரத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். சிமியோனும் அந்த நேரம் மெய்யாகத்தான் ஆணையிட்டான். அதில் ஒரு துளி கள்ளமும் இல்லை.

இயக்கத்தின் பாஸ் கந்தோரில் இருந்த பொடியன் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து வைச்ச ஐயாதான் பொறுப்பு," என்றான். சிமியோன் தான் அவர் வீட்டில் இருக்கப்போவதைச் சொன்னான். பொடியன் தலையாட்டினான். "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கதை அண்ணை. எங்களுக்கு அவர்தான். வேறை ஆள் செல்லாது." சிமியோன் பாஸை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். அவர்கள்தான் திரும்பி வந்துவிடுவார்களே, அதைப் பற்றி என்ன கவலை என்று நினைத்தான்.

களப்பைக் கடந்து குடாநாட்டை விட்டுப் போகிற கிளாலித் துறையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படகுக்குச் சனம் சேற்றில் வரிசையாய் நின்றது. லூர்த்தம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு மகளைக் கையில் பிடித்திருந்தாள். கொழும்பில் போய் இறங்கும் விலாசத்தையும் அங்கிருந்து கிறகோரிக்கு அறிவிக்க வேண்டியதையும் சிமியோன் திரும்பத் திரும்பச் சொன்னான். படகுக்காரன் ஏறச் சொல்லிக் கூப்பிட்டான். றோஸ் திரும்பிக் கையை நீட்டித் துழாவினாள்.

"அப்பா, எங்கை நிக்கிறியள்?"

அவன் அவளுக்கு முன்னால் நின்றான். கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றான். வெளிச்சம் இன்னும் இருந்தது.

சிமியோன் அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். பிறகு மனைவியை இழுத்து அவள் காதோடு சொன்னான்.

"சுகமானாலும் வராதை. கிறகோரியிட்டைச் சொல்லி அவளை ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போ. கேட்டியே? இந்த ஷெல்லடிக்கை திரும்பி வராதை."

"ஐயோ, அந்த ஐயா?" என்றாள் லூர்த்தம்மா. "மாதாவாணை எண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்கள்!"

"வராதை," என்றான்.

படகு போய்க் கண்ணுக்கு மறையும்வரை நின்றான். புத்தூருக்கு அவன் வந்து சேர்ந்தபோது கனகசபாபதி தன் கையாலேயே பிட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, ஒருவரும் இல்லாத அந்த வீட்டில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை போட்டுக் காத்திருந்தார். அறைக்குள் பாய் விரித்துத் தலையணையும் வைத்திருந்தார்.

"படகேறிட்டினமே?"

"ஓம் ஐயா."

"பிள்ளை பயந்தவளே?"

"இல்லை ஐயா."

"எப்ப வருவினமாம்?"

சிமியோன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்: "தை பிறக்க முன்னம் வந்திடுவினம்."

"ஆறுதலா வரட்டும். கண் வைத்தியம், அவசரப்படக் கூடாது," என்றார் கிழவர். "நீர் ஆணையிட்ட பிறகு எனக்கென்ன யோசனை? சாப்பிடும்."

அவர் இன்னும் ஒரு துண்டு பிட்டை எடுத்து அவன் கோப்பையில் போட்டு, குழம்பை ஊற்றினார். சிமியோன் அதையும் சாப்பிட்டான்.