பதுளை ரோட்டின் வலப்பக்கம்

மகா ஓயாவின் வெந்நீர்க் கிணற்றடியில் லொறியை நிறுத்தி, நாலு வாளி சுடுதண்ணீரை இடுப்பில் ஊற்றிக்கொள்ளாமல் கச்சி முகம்மது மலை ஏறுவதில்லை. அதுவரை வந்த பாதை தட்டை. அதற்கப்பால் பிபிலை தாண்டினால் பதுளை வரைக்கும் வளைவும் ஏற்றமும்தான். காத்தான்குடி முதலாளி ஒருவரின் லொறியில் பதினெட்டு வருடமாக அந்தப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தார். கருவாடும் தேங்காயும் மேலே போகும். முட்டைக்கோவாவும் கரட்டும் கீழே வரும். போக ஒன்றரை நாள், வர ஒரு நாள், ஏற்றி இறக்க ஒரு நாள். மிச்சத்தில் வீட்டில் தூங்குவார்.

1943ஆம் ஆண்டு மாரி மழை ஓய்ந்த ஒரு பகலில் அவர் அந்தக் கிணற்றடியில் குந்தியிருந்தபோது பட்டாள லொறிகள் பன்னிரண்டு வரிசையாக வந்து நின்றன. ஐந்தாவது லொறியிலிருந்து காக்கிச் சட்டையோடு குதித்தவன் நல்லரத்தினம். கல்லடி ஊர்க்காரன். இரண்டு வருடம் முன்வரை அவனும் இதே பாதையில் வேறொரு முதலாளிக்காக லொறி ஓட்டியவன்; அவரை அண்ணன் முறையில் காக்கா என்பான்.

"காக்கா, இன்னமும் இந்த முதுகை வெச்சிக்கிட்டா மலை ஏறுறீங்க?"

"முதுகு எங்க ஏறுது? லொறிதான் ஏறுது" என்றார் கச்சி முகம்மது.

நல்லரத்தினம் வாளியை வாங்கி அவர் முதுகில் தண்ணீர் ஊற்றினான். அவன் முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

"உங்கட கிளீனர் எங்க?"

"அவனும் பட்டாள வேலைக்குப் போயிட்டான். ஒரு மாசம் தனியத்தான் ஓடுறன்."

"பாத்தீங்களா? நீங்களும் வாங்க. முதலாளிட லொறியெண்டா சாமான் பழுதாப் போகுமெண்டு ஒரே ஓட்டம். டயர் வெடிச்சாலும் நம்மட தலை, பெற்றோல் கூப்பன் முடிஞ்சாலும் நம்மட தலை. இங்க முன்னுக்குப் போற லொறி நிண்டா நானும் நிப்பன். அது போனா நானும் போவன். டயருக்கு ஒருத்தன் இரிக்கான், எண்ணெய்க்கு ஒருத்தன் இரிக்கான். எனக்கு ஸ்டியரிங் மட்டும்தான்."

"ஒரே பாதையில வரிசையில போறது அலுப்பாயில்லியா?"

நல்லரத்தினம் யோசித்தான். "அலுப்புத்தான், காக்கா. ஆனா அது படுத்தாப் போற அலுப்பு."

விசில் சத்தம் கேட்டது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். பன்னிரண்டு லொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தியத்தலாவை முகாம் பக்கம் நகர்ந்தன. கச்சி முகம்மது ஈரத் துண்டோடு பார்த்துக்கொண்டு நின்றார். படுத்தாப் போற அலுப்பு. அவருடைய அலுப்பு எந்தப் படுக்கையிலும் போகாமல் வருடக்கணக்காக உடம்பிலேயே கிடந்தது.

அதன் பிறகு வழியெல்லாம் அவர் லொறிக்காரர்களைத்தான் எண்ணிப் பார்த்தார். கல்முனையிலிருந்து மீன் ஏற்றுகிறவர்கள் ஐஸ் கரைவதற்குள் கண்டிக்குப் போயாக வேண்டும். வழியில் சோறு தின்னவும் நிற்க மாட்டார்கள். ரோட்டு வேலைக்குக் கல் ஏற்றுகிறவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறார்கள், ஆனால் இரண்டு வருடத்தில் இருமத் தொடங்கிவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்து லொறிக்காரனுக்கு இருக்க வீடு கிடைக்கும். துரை கூப்பிட்டால் பெருநாளன்றும் ஓட வேண்டும். மலைப்பாதைக்காரனை நடையிலேயே கண்டுபிடிக்கலாம். கிளச் மிதித்து மிதித்து இடது கால் அவர்களுக்கு ஒரு பக்கமாக இழுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஸாலிஹாவிடம் சொன்னார். வீடு அவளுடையது; அவளுடைய வாப்பா சீதனமாகக் கொடுத்தது. போன வருடம் மகள் றம்லாவுக்கு முன் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, இவர்கள் இருவரும் பின்னால் சாய்ப்பாக இறக்கிய பத்திக்கு வந்திருந்தார்கள். தறியும் அங்கேதான் கிடந்தது. ஸாலிஹா சாரத்துணி நெய்துகொண்டே கேட்டாள்.

"எந்த லொறியெண்டாலும் எனக்கு ஒண்டுதான். எது உங்கள பின்னேரம் அசர் தொழுகைக்குள்ள ஊட்டுக்கு அனுப்பும்? அதச் சொல்லுங்க."

"பட்டாள லொறிதான். மட்டக்களப்பு ஸ்டேசனில சாமான் ஏத்தி முகாமில இறக்கிறது. மாசத்துக்கொருக்காத்தான் தூரப் பயணம்."

"அப்ப அதுக்கே போங்க. பதினெட்டு வருசமா நீங்க இந்த ஊட்டுக்கு விருந்தாளியாத்தான் வந்து போறீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நல்லரத்தினம் அவரை முகாமுக்குக் கூட்டிப்போனான். ஒரு வெள்ளைக்காரப் பட்டாளச் சார்ஜனும், அவன் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு கிளாக்கரும் நின்றார்கள். ஒரு லொறியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே விடச் சொன்னார்கள், விட்டார். சார்ஜன் தலையை ஆட்டினான். கடைசியாக, தூரத்தில் நின்ற லொறியின் நம்பரை வாசிக்கச் சொன்னார்கள்.

"வலது கண்ணைக் கையால மூடு" என்றார் கிளாக்கர்.

மூடிக்கொண்டு வாசித்தார். ஐந்து இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன.

"இப்ப இடது கண்ணை மூடு."

மூடினார். லொறி காணாமல் போயிற்று. கஞ்சித் தண்ணீரை முகத்தின் முன் பிடித்தது போல ஒரு வெள்ளை. அதற்குள் ஏதோ ஒன்று கறுப்பாக நின்றது, அவ்வளவுதான். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து வைத்திருந்த வரைக்கும் இது அவருக்குத் தெரியவே இல்லை. பாதையைக் கண்ணாலா பார்த்தேன், காலாலும் கையாலும் அல்லவா ஓட்டியிருக்கிறேன் என்ற எண்ணம் ஓடிய அதே நேரத்தில் அவருடைய வாய் ஐந்து இலக்கத்தையும் ஒழுங்காகச் சொல்லி முடித்திருந்தது. சற்றுமுன் வாசித்த நம்பர் நினைவில் இருந்தது. பொய் சொல்ல வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. கிளாக்கர் தாளில் எழுதினார். சார்ஜன் கையெழுத்து வைத்தான்.

"வாற மாசம் முதலாம் திகதி வந்து நில்லு."

வெளியே வந்ததும் நல்லரத்தினம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். "நான் சொன்னனே, காக்கா!" கச்சி முகம்மது சிரிக்கப் பார்த்தார். வீட்டிலும் ஒன்றும் சொல்லவில்லை. ஸாலிஹா அன்று கோழி ஆக்கியிருந்தாள்.

முதலாம் திகதிக்கு முன்னால் முதலாளிக்காகக் கடைசியாக ஒரு பயணம் பாக்கியிருந்தது. போகாமல் இருக்க ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடம் சோறு போட்ட மனிதருக்கு ஒரு பயணம் பெரிதா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஏறினார்.

கரடியனாற்றில் இலட்சுமிப்பிள்ளை கை காட்டினாள். எருமைத் தயிரை லுணுகலைக் கடைக்குக் கொண்டுபோய் விற்கிறவள். மாதத்தில் இரண்டு தடவை அவருடைய லொறியில்தான் போவாள். அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவள். புருசன் இல்லை. தயிர்ச் சட்டிகளை உறியில் கோத்து, வழக்கம்போல லொறியின் வலப்பக்கக் கம்பியில் தொங்கவிட்டாள். பிறகு முன்னால் அவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள்.

தட்டைப் பாதையில் ஒன்றும் நடக்கவில்லை. பிபிலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவர் லொறியை மெதுவாக்கினார். பதினெட்டு வருடத்தில் வராத பயம் அன்று வந்தது. ஒவ்வொரு வளைவிலும் தலையை முழுதாகத் திருப்பி இடது கண்ணால் வலப்பக்கத்தைப் பார்த்தார். அப்படித் திருப்பும்போது இடப்பக்கத்துப் பள்ளம் கண்ணை விட்டுப் போனது. லுணுகலைக்கு இரண்டு மைல் இருக்கையில் ஒரு வளைவில் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பினார். வலப்பக்கத்திலிருந்து ஏதோ இடித்தது. சட்டிகள் உடைகிற சத்தம் வரிசையாகக் கேட்டது.

தோட்டத்துத் தேயிலை லொறி ஒன்று உரசிக்கொண்டு போய் நின்றது. அதன் சாரதி தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "கண் தெரியாதா உனக்கு? எத்தனை தரம் ஹோன் அடிச்சன்!" பதில் வராததால் திட்டிக்கொண்டே போய்விட்டான்.

கச்சி முகம்மது இறங்கிப் பார்த்தார். மட்கார்ட் நசுங்கியிருந்தது. பன்னிரண்டு சட்டியில் ஏழு உடைந்து, தயிர் பலகை வழியாக வழிந்து டயரில் சொட்டியது. அந்தப் பக்கம் ஆள் இருந்திருந்தால் என்று நினைத்ததும் அவர் ரோட்டோரக் கல்லில் இருந்துவிட்டார். இலட்சுமிப்பிள்ளை உடையாத சட்டிகளைக் கழற்றி மறுபக்கம் கட்டிவிட்டு வந்தாள்.

"ஏன் தம்பி விலத்தல்ல? அவ்வளவு பெரிய லொறி."

"எனக்கு அந்தப் பக்கம் தெரியல்ல அக்கா."

முதன்முதலாக அதை ஒருவரிடம் சொன்னார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. முகாமில் நம்பர் வாசித்ததையும் சொன்னார். அவள் நின்றபடியே கேட்டாள். ஐயோ என்றும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை.

"பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சரி எழும்பு. இதில கிடந்தா பின்னால வாறவன் ஆரும் இடிப்பான். நான் வலப்பக்கம் பாக்கன். நீ ஓட்டு."

அவள் தன் இடத்திலிருந்து முன்னால் குனிந்து, கண்ணாடிக்கு வெளியே வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "வண்டில் வருது... போயிட்டு. இப்ப ஒண்டுமில்ல. ஆக்கள் வாறாக, மெல்ல." முதலாம் கியரில், மாட்டு வண்டி வேகத்தில் லுணுகலை போய்ச் சேர்ந்தார்கள். அவள் இறங்கி, மிச்சத் தயிரைக் கடையில் கொடுத்துவிட்டு, வெறும் உறிகளோடு திரும்ப வந்து ஏறினாள்.

"நீங்க இறங்கிற இடம் இதுதானே?"

"ஓம். பசறை ஏத்தத்தில நீ தனியப் போய் உருண்டா, பிறகு ஆர்ர லொறியில நான் தயிர் கொண்டு வாற? பதுளை மட்டும் வாறன். அங்க என்ட தங்கச்சிட மகள் இரிக்காள், அவளையும் பாத்த மாதிரி."

பதுளை மணிக்கூடு நாலரை காட்டும்போது லொறி சாமான் இறக்கும் கடை வாசலில் நின்றது. கச்சி முகம்மது சாவியைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்தார். "முதலாளிக்குத் தந்தி அடிங்க. லொறியைக் கீழ கொண்டு வர வேற ஆள் அனுப்பட்டும். எனக்கு ஏலாது." இலட்சுமிப்பிள்ளையைத் தங்கச்சி மகளின் வீட்டு வாசல் வரை கூட்டிப்போய் விட்டார். "போய் கண்ணைக் காட்டு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் பஸ்ஸில் ஊருக்கு வந்தார். பதினெட்டு வருடத்தில் அந்தப் பாதையில் வேறொருவர் ஓட்ட அவர் இருந்து வந்தது அதுதான் முதல் தரம். ஸாலிஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள், கண்ணுக்காக அல்ல.

"பதினாலு நாள் என்னட்டச் சொல்லாம இரிந்தீங்களே. யாரோ ஒரு தயிர்க்காரிட்டச் சொன்னீங்க."

"அந்த இடத்தில அவதான் நிண்டா, புள்ள."

"நானும் எங்கயாவது நிண்டிரிப்பன்தானே, கேட்டிரிந்தா."

ஆனால் மறுநாள் காலை அவளே தறியை விட்டு எழுந்து, புலியந்தீவு ஆஸ்பத்திரிக்கு அவரோடு நடந்து போனாள். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, இன்னும் பழுக்க வேண்டும், ஒரு வருடம் போனால் வெட்டி எடுக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அதுவரைக்கும் லொறி ஓட்டவே கூடாது.

நல்லரத்தினம் செய்தி கேட்டு வந்து வாசலிலேயே நின்றான். "நான்தானே உங்களுக்காகப் பேசினன். நாளைக்கு வரிசையில போகக்குள்ள நீங்க ஆரையும் அடிச்சிரிந்தா?" என்று கேட்டான். "ஓம்" என்றார் கச்சி முகம்மது. அவர் மறுத்துப் பேசுவார் என்று வந்தவனுக்கு அதற்குமேல் சண்டை பிடிக்க வரவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, முகாமில் தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொல்லிப் போனான். சொல்லியும் விட்டான். சார்ஜன் ஏசினானாம், ஆனால் அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

அந்த வருடம் அரசாங்கம் வயல் வட்டை தோறும் லொறி அனுப்பி நெல் வாங்கத் தொடங்கியிருந்தது. அந்த நெல் லொறி மலைப்பாதைக்குப் போகாது; காலையில் வயல் பக்கம் போய், மூடை ஏற்றி, பொழுது சாய்வதற்குள் களஞ்சியத்துக்கு வந்துவிடும். எந்த ஊரில் எந்தக் களவெட்டியில் நெல் அடிக்கிறார்கள், எந்தப் பாதையில் லொறி புதையும் என்று தெரிந்த ஆள் ஒருவர் சாரதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. பழைய முதலாளி கச்சி முகம்மதுவின் பெயரைச் சொன்னார். மலைப்பாதையில் கிடைத்ததில் பாதிச் சம்பளம்.

அவர் அந்த வேலைக்குப் போனார். அசருக்கு முன் வீட்டுக்கு வந்தார். ஸாலிஹா நூல் சுற்றத் தந்தால் சுற்றினார்; சில நாள் பேசினார்கள், சில நாள் பேச ஒன்றும் இருக்கவில்லை. அதற்கும் பழக வேண்டியிருந்தது. லொறியில் இடப்பக்க ஆசனத்தில் இருந்தபடி, மாடோ மனிதரோ குறுக்கே வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாகவே பலகையை மிதித்தது. சாரதி திரும்பிப் பார்ப்பான்.

"காலை எடுங்க, அங்க பிரேக் இல்ல" என்பான்.

"தெரியும்" என்பார். எடுத்துவிடுவார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் மிதிப்பார்.