பெண்டிர் ஒப்பனைச் சாலை

நேசபாய் கொழும்பில் ஒரு மதாம்மாவின் கடையில் ஏழு வருஷம் பெண்களுக்கு முடி வெட்டி, சுருட்டி, சாயம் பூசிப் பழகியவள். அந்த வெள்ளைக்காரி கடையை மூடிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறியதும், நேசபாயும் இரண்டு தகரப்பெட்டிகளோடு நாகர்கோவிலுக்குத் திரும்பினாள். இரண்டு வருஷம் சும்மா இருந்து பார்த்தாள். முடியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் வடசேரிச் சந்தைக்கு அடுத்த தெருவில் பின்கட்டோடு ஓர் அறையைப் பிடித்து, ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் சுழலும் நாற்காலி ஒன்றும் போட்டாள். பெண்களுக்கென்று அப்படி ஒரு கடையை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை.

கடைக்குப் பெயர் வைத்தது அவள் கணவர் சுந்தரராஜ். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். தமிழ் விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்கமாட்டார். ‘பெண்டிர் ஒப்பனைச் சாலை’ என்று பலகையில் தாமே எழுதி மாட்டினார்.

“இது ஆருக்குப் புரியும்?” என்றாள் நேசபாய்.

“புரியாதவங்க உள்ள வந்து கேப்பாவ. வந்தா வந்ததுதானே?”

வரத்தான் செய்தார்கள். முதல் நாள், சிதறாலிலிருந்து தங்கப்பன் என்பவர் ஆறு வயது மகளையும் சிலேட்டையும் கொண்டுவந்து நிறுத்தினார். சாலை என்றால் பாடசாலை என்று நினைத்துவிட்டார். “மலையாளமா, தமிழா, எதுல படிப்பிப்பிய டீச்சர்?” என்றார். மறுநாள் வந்தவர் வைத்தியசாலை என்று நம்பி, மனைவியின் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். நேசபாய் எட்டிப் பார்த்துவிட்டு, கிராம்பு வைக்கச் சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் வந்த பண்டாரம் தர்மசாலை என்று எண்ணித் திருவோட்டை நீட்டினார்.

முடிக்கென்று ஒருத்திகூட வரவில்லை. கை மறந்துவிடக் கூடாதே என்று ஒரு சனிக்கிழமை சுந்தரராஜின் தலையில் சுருள் வைத்துப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வேதக்கோயிலுக்குள் நுழைந்தபோது பாடகர் குழு பாதிப் பாட்டில் நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில், குடையால் முகத்தை மறைத்தபடி ஒரு பருத்த பெண் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அரிசி மண்டி பொன்னுலிங்கத்தின் மனைவி பகவதியம்மாள்.

“பிள்ளே, நீ முடியக் கறுப்பாக்குவியாமே? நெசந்தானா?”

“நெசந்தான் அக்கா. இரியுங்க.”

பகவதியம்மாள் முக்காட்டை விலக்கினாள். தலையில் பாதி வெள்ளை.

“நாளக் கழிச்சு எனக்க மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்க அம்மய நேத்துப் பாத்தேன். தலையில ஒத்த நரை கெடையாது. பந்தல்ல ரெண்டு பேரும் சேந்து நின்னா, அவளையும் எனக்க மகளுன்னுல்லா நெனைப்பாவ!”

நேசபாய்க்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். கொழும்பிலிருந்து கொண்டுவந்த சாயக்குப்பியைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தாள். இரண்டு வருஷ வெக்கையில் அதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைத் துணியைப் போர்த்தி, பூசி, ஒரு மணி நேரம் வைத்து, அலசித் துவட்டினாள். பிறகு அந்தத் தலையையே பார்த்தபடி நின்றாள்.

“என்னட்டி பேசாம மிண்டாம நிக்க?” என்று பகவதியம்மாள் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது ஆரு?”

“நீங்கதான் அக்கா.”

புளி போட்டுத் துலக்கிய செம்புப் பானை போலிருந்தது முடி.

பகவதியம்மாள் அலறிய அலறலில் எதிர்க்கூரைக் காக்கைகள் பறந்தன. அந்த அலறலுக்கு நடுவே நேசபாய்க்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கொழும்பில் சோனகர் தெரு முஸ்லிம் பெண்கள் மருதாணியால் சிவந்த முடிமேல் நீலச்சாயச் செடியான அவுரியைப் பூசிக் கறுப்பாக்குவார்கள். சிவப்பின்மேல்தான் அவுரி நன்றாகப் பிடிக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த சுந்தரராஜை வாசலிலேயே மடக்கினாள். “சந்தையில மருந்துக்கடைக்கு ஓடுங்க. அவுரிப் பொடி வேணும்.”

“அவுரியா? சின்ன ‘ரி’யா, பெரிய ‘றி’யா?”

“எந்த எளவு ‘ரி’யா இருந்தாலும் வாங்கிட்டு வாருங்க!”

அவர் ஓடினார். அவர் திறந்துவிட்டுப் போன கதவு வழியாகப் பொன்னுலிங்கம் உள்ளே வந்தார். பகவதியம்மாள் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொன்னுலிங்கம் கண்டது முதுகில் வழிந்த செம்பட்டை முடியையும் தரைவரை தொங்கிய வெள்ளைத் துணியையும்தான். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

“குட்மார்னிங் மதாம்மா,” என்றார் பணிவாக, மதியம் ஆனதையும் மறந்து. பிறகு நேசபாயிடம் குரலைத் தாழ்த்தினார். “எனக்க வீட்டுக்காரி இந்தத் தெருவுல வந்தாளுன்னு சொன்னாவ. பந்தல்காரன் வந்து காத்துக் கெடக்கான். பாத்தியளா?”

“அவிய எப்பிடி இருப்பாவ அண்ணாச்சி?” நேசபாய்க்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

“எப்பிடின்னா… ஒரு அறுவது வயசு மதிக்கலாம்.”

வெள்ளைத் துணி லேசாக அசைந்தது. பகவதியம்மாளுக்கு நாற்பத்து நாலு.

“அறுவதா?”

“சரி, அம்பத்தெட்டுன்னு வச்சிக்கிடுங்க. சத்தத்துக்கு மட்டும் வயசே ஆவல்ல.” நாற்காலிப் பக்கம் ஆசையோடு ஒரு பார்வை பார்த்தார். “மதாம்மாமாருக்க முடியப் பாத்தியளா, பொன்னு மாதிரி மின்னுது! எனக்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, வெள்ளையடிச்ச சுவரு கணக்கா…”

நாற்காலி சுழன்றது.

“ஆருக்கு அறுவது?”

“மதாம்மா தமிழு பேசுதாளே!” என்றார் பொன்னுலிங்கம். அடுத்த நொடியே முகம் தெரிந்துவிட்டது. அப்படியே தகரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கால்மணி நேரம் பகவதியம்மாள் பேசியதைத் தெருவே கேட்டது. அவர் ஒரே ஒரு தடவை, “இந்த நெறமும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிப் பார்த்தார். அது இன்னும் ஐந்து நிமிஷத்துக்கு இடம் கொடுத்தது. கடைசியில், “போய் பந்தல்காரனப் பாருங்க. ஆருட்டயும் ஒண்ணும் மிண்டப்பிடாது,” என்று துரத்தினாள்.

அவுரி வந்தது. வெந்நீரில் குழைத்துத் தலையில் அப்பி, வாழை இலையால் கட்டினாள் நேசபாய். இரண்டு மணி நேரம் ஊற வேண்டும். நேசபாய் ஜன்னலோரம் நின்று ஜெபித்தாள். பகவதியம்மாள் நாகராஜா கோயிலுக்குப் பால் நேர்ந்துகொண்டாள்.

அலசியபோது முடி பச்சையாக இருந்தது.

பகவதியம்மாளுக்கு இப்போது அலறக்கூடத் தெம்பில்லை. “இனி கிளின்னு சொல்லுவாவ,” என்றாள்.

“கொஞ்சம் பொறுங்க அக்கா. காத்துப் படட்டு. பைய கறுக்கும்,” என்று விசிறியை எடுத்தாள் நேசபாய். கை ஓய்ந்ததும் சுந்தரராஜ் வாங்கி வீசினார். வெயில் சாயச் சாயப் பச்சை மங்கியது. நீலமோடி, பிறகு கறுத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் பகவதியம்மாள் கண்ணாடிக்குள் தன்னைப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பி மறுபடியும் பார்த்தாள். நேசபாயின் நீலக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குடையை விரிக்காமலே நடந்து போனாள்.

கல்யாணப் பந்தலில் பெண்ணைவிடப் பெண்ணின் அம்மாவைத்தான் பலரும் பார்த்தார்கள். பந்தலுக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் அதற்கடுத்த வாரம் தயங்கித் தயங்கிக் கடைக்கு வந்தார்கள், பின்வாசல் வழியாக. நேசபாய் நாற்காலியைப் பின்கட்டுக்கு மாற்றினாள். ஆவணி மாதத்துக்குள் மணப்பெண் அலங்காரத்துக்கு வில்வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். கூடமாட வேலைக்கு ஓமனா என்ற பெண்ணையும் சேர்த்துக்கொண்டாள்.

பகவதியம்மாளும் மாதம் தவறாமல் வந்தாள். ஒருநாள் தலையில் வாழை இலைக் கட்டோடு அவள் உட்கார்ந்திருந்தபோது, புதிதாக வந்த ஒருத்தி கேட்டாள்: “அக்காவும் சாயம் பூசவா?”

“சாயமா? எனக்கா?” பகவதியம்மாள் நிமிர்ந்தாள். “எனக்கு ஒடம்பு பூரா சூடு மக்கா. குளுமைக்கு எல கட்டியிருக்கேன்.”

“பின்ன, அக்காக்கு நல்ல சூடுல்லா,” என்றபடி நேசபாய் இலையை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.