இருபத்துநான்கு மில்லிமீற்றர்

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது. றஸாக் கெப் வாகனத்தின் முன் பிரேக் டிஸ்க்குகள் இரண்டையும் கழற்றுவித்து எங்கள் லேத் கடை மேசையில் போட்டான். அவன் ஒரு வேட்பாளரின் மெய்க்காவலன்; கெப்பும் அவருடையதுதான். இடுப்பில் பிஸ்டல் இருந்தது.

கடை என் மாமனார் முகைதீன்பாவாவுடையது. அவருடைய மகள் றஹீமாவை நான் கட்டியிருந்தேன். பதினொரு மாதம். பிறகு கடல் வந்து எடுத்துக்கொண்டது. மூன்று வருடத்துக்கு மேலாகியும் நான் அவருடனேயே இருந்தேன். அவருக்கும் எனக்கும் வேறு ஆள் மிஞ்சவில்லை.

"பிரேக் புடிச்சா உதறுது," என்றான் றஸாக். "ரெண்டு மணிக்கு சாகாமம் ஊரில கூட்டம். இப்பவே தேச்சுத் தரணும்."

அளந்தேன். டிஸ்க்கின் விளிம்பில் 24 என்று பொறித்திருந்தது. அதற்குக் கீழே மெலியவிடக் கூடாது. அரை மில்லிமீற்றர்தான் மிச்சம் இருந்தது.

"லுஹர் பாங்குக்குக் கால் மணிதான் கிடக்கு," என்றார் மாமா. "தொழுதிட்டு வந்து தேய்ப்பம், மனே."

பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் மெயின் சுவிட்சை அணைப்பது அவர் வழக்கம். இடையில் நின்றால் கல் கோடு போட்டுவிடும்; அதனால் பாங்கு நெருங்கும்போது கல்லைக் கடைசியாகக் குறுக்கே இழுக்கும் இழுவையை நாங்கள் தொடங்குவதே இல்லை.

"அல்லாஹ் பொறுப்பான் காக்கா. எங்கட ஆள் பொறுக்க மாட்டார்," என்று மாமாவிடம் சொல்லி றஸாக் பிஸ்டலை மேசையில் வைத்தான்.

தொடங்கினேன். முதல் டிஸ்க் முடிந்தது. இரண்டாவதில் சாணைக்கல் பாதி வழி வந்திருந்தபோது பாங்கு ஒலித்தது. மாமாவின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. சுழற்சி நின்றது. கல் டிஸ்க்கில் பதிந்தபடி நின்றது. மயிரளவு பள்ளம் விழுந்தது.

றஸாக் குனிந்து பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். அங்கே எதிர் வேட்பாளரின் போஸ்டர் ஒட்டியிருந்தது.

"வேணுமெண்டுதான் செய்தீங்க. எங்கட ஆளக் கொல்லப் பாக்கீங்க."

"இல்ல மனே, பழக்கத்தில..."

அவன் சுவிட்சைப் போட்டான். மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைக் கல்லில் அழுத்தினான். இரும்பு தேயும் ஓசை எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை, ஈரமாக இருந்தது. மாமா கத்தினார். என் சட்டையில் சிவப்பாகத் தெறித்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோடு இருந்தா உதறும்," என்றேன் கடைசியில். "கோட்டை எடுத்தா இருபத்துநாலுக்குக் கீழ போகும். மெலிஞ்சா வெடிக்கும். உதறினாலும் இப்படியே பூட்டுங்க. நான் வாகனத்தில இருக்கன். புடிக்காட்டி நானும் மவுத்து."

றஸாக் மாமாவின் கையை விட்டான். சிரித்தான்.

"நீ செத்த மாதிரித்தான் திரியிற எண்டு ஊரே கதைக்குது. ஒன்ட உசிரு எனக்கு என்னத்துக்கு? ஒன்ட மாமன் றோட்டில நிக்கட்டும். நீ ஓட்டு."

டிஸ்க்குகளை நானே பூட்டினேன். மாமாவின் கையைச் சால்வையால் சுற்றினேன். கடற்கரை றோட்டில் வீடுகள் இல்லாத நீளமான துண்டு ஒன்று உண்டு. அதன் முடிவில் றஸாக்கின் ஆட்கள் அவரை நிறுத்தினார்கள். ஓடாமலிருக்க இரண்டு பேர் ஓரத்தில் பொல்லுத் தடிகளோடு நின்றார்கள்.

"தேச்ச டிஸ்க் உடன முழுசாப் புடிக்காது," என்றேன். "பத்துப் பதினஞ்சு தரம் மெல்லப் புடிச்சுப் பழக்கணும்."

"அறுவதில போ. நான் சொல்லக்குள்ள புடி. முன்னுக்குப் புடிச்சா இறங்கி அவருக்கு வெடி வெப்பன்," என்றான் றஸாக்.

பக்கத்தில் ஏறிப் பிஸ்டலை என் கழுத்தில் வைத்தான். மூன்றாம் கியரில், அவனுக்குத் தெரியாமல் டிஸ்க்கைப் பழக்க, இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்துப் பிரேக்கின் மேல் லேசாக வைத்தேன். வலது காலால் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன். இயந்திரம் முனகியது. பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் பாதத்தில் தட்டியது. மாமா முதலில் விரலளவில் தெரிந்தார். பிறகு சால்வையின் சிவப்புத் தெரிந்தது.

"என்னடா கருகுது?"

"புதுசாத் தேச்சா அப்படித்தான்."

"ஓம், ஓம். போ." முள் அறுபதைத் தொட்டது. மாமா கண்ணை மூடவில்லை. "இன்னம் போ," என்றான் றஸாக். "போ... புடி!"

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் கையை உதறியது. றஸாக்கின் நெற்றி கண்ணாடியில் மோதியது. வாகனம் இழுபட்டுக்கொண்டே போனது. முன்பக்கம் மாமாவின் முழங்காலில் இடித்தது. அவர் விழுந்தார்.

நின்றுவிட்டது.

தார் றோட்டிலிருந்து அவர் என்னைத் திட்டும் குரல் வந்தது. "ஹறாங்குட்டி, இவ்வளவு கிட்டயாடா கொண்டு வாற?"

றஸாக் நெற்றி இரத்தத்தைத் துடைத்தான். "புடிக்குது," என்றான். "சரி, இறங்கு. நேரம் போகுது."

என் கால்கள் பெடலை விட்டு வரவில்லை. மாமா இன்னும் வாகனத்துக்கு முன்னால் கிடந்தார். றஸாக் பிஸ்டல் பிடியால் என் முழங்காலில் அடித்தான். எலும்பில் பட்டது. வலித்தது. இன்னும் அழுத்தினேன்.