செம்பட்டையன் வீடு போய்ச் சேரும் வரை

1

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம். எழுத்துக்குத் தொண்டை கிடையாது, தள்ளி உட்கார்ந்தால் கேட்காது. செத்துப்போன ஒரு வீரன் எழுந்து, உடம்பில் தைத்த ஈட்டிகளை உதறிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்த கதையைச் சொல்கிறேன். எறணாகுளத்துக்கு எதிர்க்கரை மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்கில் வைத்து நடந்தான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கதை என்னுடையதல்ல. எழுபத்தெட்டாம் வருஷம், துறைமுகத்தில் சாயா விற்ற என் வீட்டுக்காரர் முகைதீன் பிச்சையிடம் ஒரு கப்பல்காரன் விட்டுப்போன இங்கிலீஷ் படக்கதை அது. எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது, மலையாளம் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. தெரிந்ததெல்லாம் சின்ன வயசில் ஓதப்போன இடத்தில் கற்ற அரபு எழுத்து. அதிலே தமிழை எழுதவும் படிக்கவும் வரும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் மூன்று தடவை எழுதினேன்.

அயர்லாந்து என்னும் குளிர்நாட்டில் முன்னொரு காலத்தில்

(விட்டுவிட்டேன். மட்டாஞ்சேரிக்கு வாழ வந்தபின் ஆலுவாவைத் தாண்டி நான் எங்கே போனேன்?)

சுமை தூக்கும் சங்கிலிப்பாண்டி கப்பலின் சரக்கறைக்குள் விழுந்த அன்று நல்ல மழை. மேலேயிருந்து

(இதையும்தான். அவர் விழுவதில் தொடங்கினால் அவர் பெஞ்சாதி மாயம்மாள் என்னோடு பேசமாட்டாள்.)

கிடங்கில் தொடங்குகிறேன். இருபது பெண்கள் சுக்குத் தோல் சுரண்டுவோம். தூசியில் ஒருத்தி தும்மினால் வரிசையாக எல்லாரும் தும்முவோம். மதியக் கஞ்சி குடித்ததும் அரை மணி நேரம் ஓய்வு. அப்போது நான் புத்தகத்தை எடுப்பேன்.

"ஏ லதீஃபா, இன்னிக்கு உன் செம்பட்டையன் சட்டை போட்டிருக்கானா?" என்பாள் ஆவுடையம்மாள். எங்களில் மூத்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"இல்லக்கா. மேலெல்லாம் நீலத்துல சுருள் சுருளா பச்சை குத்தியிருக்கான்."

"அப்ப இன்னும் நல்லாக் காட்டு."

3

நான் சொன்ன கதை இப்படி. முதல் பக்கத்தில் ஒரு சைக்கிள்.* அடுத்ததில் செம்பட்டை முடிக்காரன் ஆற்றுக்கு நடுவே, நட்டுவைத்த தன் ஈட்டியில் சாய்ந்து நின்றபடியே செத்திருக்கிறான். தோளில் காக்கை. பக்கம் திருப்பினால் காக்கை பறந்துவிட்டது, கண் திறந்துவிட்டான். நான் கையை உயர்த்திச் சொல்வேன்: "காக்கா போச்சு! உசிரு வந்துச்சு!" அடுத்தடுத்த பக்கங்களில் அவன் உடம்பிலிருந்து ஈட்டிகள் கிளம்பி எதிரிகளின் கைக்கே திரும்பிப் போகும். எரிந்த ஊரின் தீ அடங்கும். கூரைகள் தாமாக ஏறி உட்காரும். ஓரிடத்தில், வழியில் நிற்கும் பசித்த பெண்ணுக்குத் தன் கிண்ணத்துக் கஞ்சியைக் கொடுப்பான். கொடுத்ததும் அவன் புஜம் இரண்டு மடங்காகும்.

வெட்டுகிற வீரர்களை எங்கள் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். இவன் வெட்டியதை ஒட்டுகிறவன். பிடித்துப்போயிற்று.

* சைக்கிள் எதற்கு என்று ஆவுடையம்மாள் கேட்டாள். "கடைசியில ஏறி வீட்டுக்குப் போவான்" என்றேன். வேறென்ன சொல்ல?

4

மாயம்மாள் வரிசையில் என் பக்கத்தில் உட்காருவாள். தென்காசிப் பக்கத்துக்காரி. கப்பலில் விழுந்த சங்கிலிப்பாண்டி நினைவில்லாமல் எறணாகுளம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்தது. எடுத்துவிட வேண்டும், கையொப்பம் வேண்டும் என்றார்கள். மாயம்மாள் போடவில்லை.

"நேர்ச்சை வச்சிருக்கேன்க்கா," என்றாள். "செம்பட்டையன் வீடு போய்ச் சேரட்டும். அன்னிக்குப் போடுதேன். அதுக்குள்ள காலு தேறிட்டா இன்னும் நல்லது."

இங்கேதான் என் குற்றம். அதை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கிழித்தேன். கதை சொல்லும் அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. இடம் விட்டு உட்காருவார்கள், வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் யார் என் வாயைப் பார்த்தார்கள்? அதனால் ஒரு பக்கத்தை இரண்டு நாள் இழுத்தேன். அவள் நேர்ச்சையைக் கேட்ட பிறகும் மூன்று நாள் இழுத்தேன். பதினான்கு பக்கம் பாக்கி இருந்தது.

கேட்கிறவர்களுக்காக இழுத்தேன் என்று முந்தைய படியில் எழுதியிருந்தேன். பொய். அடித்துவிட்டேன்.

5

இப்போது பரீத் வருகிறான். கிடங்கு மேஸ்திரி, பத்தாவது வரை படித்தவன். முதல் படியில் அவனுக்கு முறுக்கு மீசை வைத்துக் கெட்டவனாக்கியிருந்தேன். உண்மையில் அவனுக்கு மீசையே கிடையாது, நல்ல பையன். மீசையை எடுத்துவிட்டேன்.

அன்று மாயம்மாள் வரவில்லை. பரீத் புத்தகத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தான்.

"எந்தா இத்தா, தலைகீழா வாசிக்கிறீங்க? இது இடப்பக்கமிருந்து தொடங்கும். உங்க சைக்கிள் வெறும் விளம்பரம்."

"அப்ப ஈட்டி?"

"அவன் மேல பாயுது. போகல."

"கஞ்சி?"

"அந்தப் பெண்ணுதான் அவனுக்குக் கொடுக்குறா. வழியில யார் சாப்பாடு தந்தாலும் வேண்டாம்னு சொல்லக்கூடாதுன்னு அவனுக்கொரு நேர்ச்சை. அவ விஷத்தைக் கலக்குறா. அவன் தெரிஞ்சே குடிக்கிறான், பலம் போகுது. பழைய காலத்து அயர்லாந்து வீரனாம். அமெரிக்காக்காரன் பறக்குற சக்தியெல்லாம் கொடுத்துப் படம் போட்டிருக்கான்."

"பறக்கத் தெரிஞ்சவன் கடைசியில?"

"செத்துடுறான் இத்தா. காக்கா வந்து உக்காருது."

எனக்கு எழுத்து என்றால் வலமிருந்து இடம். ஓதும் கிதாபை எப்படித் திறப்பேனோ அப்படியே இதையும் திறந்தேன்.

 பக்கங்கள் பின்னோக்கிப் போனாலும், பக்கத்துக்குள் மேலிருந்து கீழே பார்த்ததால் படங்கள் முரண்டு பிடித்தன. எழுந்தவன் கீழ்வரிசையில் மறுபடி விழுவான். "கால் தடுக்கிருச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

6

அன்று சாயங்காலம் மாயம்மாளைப் படகுத்துறையில் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக நின்றிருந்தாள். புத்தகம் என் பையில் இருந்தது. நானும் ஏறினேன். படகு கிளம்பியதும் சொன்னேன்.

"புள்ள, நான் தப்பா வாசிச்சிட்டேன். அவன் வீட்டுக்குப் போகல. வீட்டுலருந்து சாகப் போறான். உன் நேர்ச்சைக்கு நான்

(அந்த வாக்கியத்தை அன்றும் முடிக்கவில்லை. இன்றும் வரவில்லை.)

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் நாளே தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"எங்க வீட்டுக்காரரு வாராவாரம் புஸ்தகம் வாங்குவாரு. அட்டை எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? ஆவுடைக்கும் தெரியும். எல்லாத்துக்கும் தெரியும். நீ பாட்டுக்குச் செத்தவன எழுப்பிக்கிட்டு இருந்த. யாரு வேண்டாம்பா?"

"பின்ன எதுக்குடி காத்துக்கிட்டு இருந்த?"

"காலை வெட்டுங்கன்னு நானாக்கா சொல்லணும்? அதுவும் சுமை தூக்குதவரோட காலை? நாளைக்கு அவரு கண்ணு முழிச்சுக் கேட்டா என்னத்தச் சொல்லுவேன்? யாரு மேலயாவது போடணும்லா. பாவம், அந்தச் செம்பட்டையன் மேல போட்டேன்."

படகு வெல்லிங்டன் தீவை ஒட்டிப் போயிற்று. கப்பல்கள் வரிசையாக நின்றன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நேத்து டாக்டரு சொல்லிட்டாரு," என்றாள். "இன்னிக்குள்ள காலை எடுக்கலன்னா ஆளு தங்காதுன்னு. மிச்சத்த இப்பச் சொல்லுக்கா. அக்கரை சேருததுக்குள்ள."

"பதினாலு பக்கம் இருக்கே."

"ஓடச் சொல்லு அவன."

திறந்தேன். என் பக்கமிருந்துதான். ஓடினான். ஒரு கோட்டையைத் தாண்டினான், ஒரு ராட்சசனுக்குத் தலையைத் திருப்பிக் கொடுத்தான். நடுவில் ஒரு மீன்காரி, "அவனுக்குப் பெண்டாட்டி இல்லையா, சேச்சி?" என்றாள். "சும்மா இரி," என்றாள் மாயம்மாள், "அவனுக்கு நேரமில்ல." ஆறு பக்கம் இருக்கும்போதே அக்கரை தெரிந்தது. இரண்டிரண்டாகப் புரட்டினேன். காற்றில் ஒரு தாள் கிழிந்தது. நிற்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் கல்வீடு, திறந்த கதவு, செம்பில் தண்ணீரோடு அவன் தாய்.

"சேர்ந்துட்டானா?"

"சேர்ந்துட்டான்."

படகு துறையில் இடித்தது. மாயம்மாள் முந்தானையால் வலது பெருவிரலைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். கைநாட்டு வைக்கப் போகிற விரல்.

7

ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் நடந்ததை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கைநாட்டு வேளையோடு விழுகிறது. சங்கிலிப்பாண்டி பல வருஷம் கட்டைக்காலோடு துறையில் உட்கார்ந்து படகுக்காரர்களைக் கேலி பேசுகிறார். இன்னொன்றில், வேண்டாம்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதட்டுமா என்று மாயம்மாளிடமே கேட்டேன். அவள் சொன்னாள்: "படகு இடிச்சதோட உன் கதை தீர்ந்துபோச்சுக்கா. அதுக்குப் பொறவு நடந்தது எங்க வீட்டுக் கதை."

ஆகவே நான் துறையிலேயே நின்றுகொள்கிறேன். அவள் அறை வாசலில் நிற்கிறாள், விரல் இன்னும் மையில் படவில்லை. உள்ளே என்ன என்பதை, இவ்வளவு தூரம் கிட்ட உட்கார்ந்து கேட்ட நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லை.

உங்கள் வீட்டில் கிடக்கிறவர்கள் எழுந்து நடக்கட்டும். போனவர்கள் விளக்கு வைக்குமுன் திரும்பட்டும். கடினமான சொல்லை ஒருவர் சொல்ல நேர்ந்தால், பக்கத்தில் கைபிடிக்க இன்னொருவர் இருக்கட்டும். உங்கள் அடுப்பும் உங்கள் பிள்ளைகளும் நல்லபடி இருக்கட்டும்.