உதறாத விரிப்பு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் டீயைத் தொடவில்லை. இருபது நாளுக்கு மேலாகிறது. அவள் டீயை விட்டாலும் தலைவலி அவளை விடவில்லை. அந்த எரிச்சலில் அவளும் வீட்டில் யாரையும் விட்டுவைக்கவில்லை. "தவக்காலம் உனக்கா, எங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கணவன் தன் டம்ளரோடு மாடிப்படிப் பக்கம் நழுவிவிடுவான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிக்கிற வேலை. உலர்ந்து சூடாக வரும் படுக்கைவிரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். மேசையருகே ஒரு ஸ்டூல் உண்டு. ஏழு மாதத்துக்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தது நெட்டையக்கா. அவள் இப்போது அழுக்குத்துணி அறையில் இருந்தாள். ரத்தமும் வாந்தியும் பட்ட துணிகளை நாளெல்லாம் குனிந்து பிரிக்கிற இடம். அந்த உயரத்துக்கு அந்தத் தொட்டிகள் முழங்கால் அளவுகூட இல்லை. சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "என்னை நாலா மடிச்சு உன் அடுக்குல வச்சிடு" என்பாள்.

காரணம் ஒரு பல்செட். வார்டிலிருந்து வரும் ஒவ்வொரு விரிப்பையும் உதறித்தான் இயந்திரத்தில் போட வேண்டும். துணி குவிகிற நாளில் மடிக்கிறவளும் வந்து சில மூட்டைகளை உதறிப் போடுவாள். அன்றைக்கு இவளுக்குக் கை ஓயவில்லை. ஒரு மூட்டையை அப்படியே தள்ளிவிட்டாள். ஒரு பெரியவரின் பல்செட் கொதிநீரில் வெந்து, கோணலாகச் சிரித்தபடி வெளியே வந்தது. யார் மூட்டை என்று சூப்பர்வைசர் கேட்டபோது, நெட்டையக்காவோடது என்று இவள் வாயிலிருந்து வந்துவிட்டது. தான் எல்லாவற்றையும் உதறியதாக அக்கா எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். கால் கடுத்தது. கோபம், சோம்பல், ஜெபத்தில் பராக்கு என்று வருஷா வருஷம் சொல்கிற பட்டியல் மனப்பாடமாக இருந்தது. ஒப்பித்தாள். வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். அவ்வளவுதான் என்றாள். வெளியே வந்தபோது, போனதைவிடப் பாரம் கூடியிருந்தது. பொய்யைச் சொல்ல இத்தனை நேரம் கால்கடுக்க நின்றிருக்கிறோமே என்று தன்மேலேயே அலுப்பாக வந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் நெட்டையக்கா பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறந்தே போச்சு. நீதான் விட்டிருக்கியே."

"அக்கா, அந்தப் பல்செட் மூட்டை என்னோடது."

நெட்டையக்கா அவளைப் பார்க்கவில்லை. மூடியில் இருந்த டீயைத் திரும்பப் பிளாஸ்க்கில் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"டீய விட்டது ஆண்டவருக்கு. எனக்கு என்ன விட்டே?"

அதற்குப் பதிலாக இவளிடம் இருந்தது அந்த ஸ்டூல் ஒன்றுதான். எழுந்து சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். ஆறிப்போனதை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று அவர் சலித்துக்கொண்டார். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். திங்கள்கிழமையிலிருந்து இருவரையும் இடம் மாற்றிவிட்டார்.

திங்கள் காலை அழுக்குத்துணி அறையின் நெடி தலைவலியோடு சேர்ந்துகொண்டது. கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது நெட்டையக்கா வாசலில் வந்து நின்றாள். இன்னொரு ஜோடிக் கையுறையைத் தொட்டி விளிம்பில் போட்டாள்.

"ஒண்ணு பத்தாது. கிழியும்."

"அக்கா" என்று இவள் கூப்பிட்டாள். அவள் திரும்பாமல் போய்விட்டாள்.

இரண்டாவது ஜோடியையும் மாட்டிக்கொண்டு, குனிந்து, முதல் விரிப்பை எடுத்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை உதறினாள். ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இடுப்பு இப்போதே பிடித்துக்கொண்டது.